ஜெனோவாவுக்கு நான்கு நாளையும் கொடுங்கள்

கேள்வி இதுதான். கணவனும் மனைவியும் மே மாதம் இத்தாலிக்குப் போகிறார்கள். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். மிலானுக்கும் ரோமுக்கும் நடுவே நான்கு நாள் மிச்சம் இருக்கிறது. அதை ஜெனோவாவில் கழிக்கலாமா? ‘அழுக்குப் பிடித்த துறைமுகம், பார்க்க ஒன்றும் இல்லை; இரவு படுக்க மட்டும் அறை எடுத்துக்கொண்டு, பகலில் அந்தக் கடலோரத்துச் சிங்க்வே தெர்ரே கிராமங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். மனைவிக்கு மூட்டு வலி. கணவர் சைவம்.

நான்கு நாளையும் ஜெனோவாவுக்கே கொடுங்கள் என்பது என் பதில். சிங்க்வே தெர்ரே அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது படிக்கட்டுகளும் ஏற்ற இறக்கமுமான இடம். மே மாதத்தில் அந்தக் கிராமங்களுக்குப் போகும் ரயிலில் நிற்கவே இடம் கிடைக்காது. மூட்டு வலிக்காரரை அங்கே அழைத்துப்போவது தண்டனை. ஜெனோவாவும் மலை ஊர்தான். ஆனால் மலை ஏறுவதற்கு அந்த ஊர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வழி செய்து வைத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோது ஜெனோவாவுக்குப் பல தடவை வந்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் கிரேன்களும், கன்டெய்னர் அடுக்குகளும், துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் மேம்பாலமும்தான். 1965-இல் திறந்த அந்த மேம்பாலம்தான் ஊரின் பெயரைக் கெடுத்தது என்பேன். கடல் பக்கமிருந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கான்கிரீட் தூண்கள். ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு போய் ஒன்பது நாள் தங்கினேன். அந்தத் தூண்களைத் தாண்டி ஐம்பது அடி நடந்தால் உள்ளே வேறொரு ஊர் இருப்பது, அத்தனை ஆண்டு வந்துபோன எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மலை நேராகக் கடலில் இறங்கும் கரை அது. சமநிலம் ஒரு கீற்றுத்தான். வெனிஸோடு சரிக்குச் சரி போட்டியிட்ட ஒரு வணிகக் குடியரசு அந்தக் கீற்றுக்குள் அடங்க வேண்டியிருந்தது. அதனால் வீடுகள் ஆறு மாடி, ஏழு மாடி என்று மேலே போயின, தெருக்கள் ஒடுங்கின. கருஜ்ஜி என்று உள்ளூரில் சொல்லும் இந்தச் சந்துகள் சிலவற்றில் இரு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் தட்டும். பட்டப்பகலிலும் நிழல்தான். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அளவுக்குத் தெரியும். செல்வந்தர்கள் செல்வத்தைத் தெருவில் காட்டவில்லை. வாசலுக்கு உள்ளே வைத்தார்கள். வேகமாக நடந்து போகிறவருக்கு அழுக்குச் சுவர் மட்டுமே தெரிவது அதனால்தான்.

தங்கும் இடத்தில் கவனம் தேவை. பழைய நகரின் நடுவே அறைகள் மலிவாகவும் அழகாகவும் கிடைக்கும். ஆனால் பல கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்தாக இருக்கும், டாக்சி வாசல் வரை வராது. கல் பாவிய சந்தில் சக்கரப் பெட்டியை இழுத்துப்போய், நான்கு மாடி ஏறி, நாங்கள் முதல் நாள் முழுவதும் அறையிலேயே கிடந்தோம். ‘லிஃப்ட் உண்டா, வாசல் வரை கார் வருமா’ என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். ஊரில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள்: பியாத்ஸா பிரின்சிபே, பிரிஞோலே. மிலானிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

காலையில் ஓட்டலில் சாப்பிடாதீர்கள். வெளியே வந்து, எந்த அடுமனையில் உள்ளூர்க்காரர்கள் நிற்கிறார்களோ அங்கே ஃபொக்காச்சா வாங்குங்கள். ஒரு விரற்கடை உயரமுள்ள ரொட்டி. மேலெல்லாம் விரலால் அழுத்திய குழிகள். அந்தக் குழிகளில் ஆலிவ் எண்ணெயும் உப்புத் தண்ணீரும் தேங்கி வெந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கவிழ்த்துப் பிடித்து உண்கிறார்கள், உப்பு நேராக நாக்கில் பட வேண்டும் என்பதற்காக. இன்னும் சிலர் அதைப் பால் காப்பியில் முக்குகிறார்கள். உப்பு ரொட்டியைக் காப்பியிலா என்று என் மனைவி முகம் சுளித்தாள். மூன்றாம் நாள் அவளே முக்கினாள்.

பிறகு மெதுவாக சான் லொரென்ஸோ பேராலயத்துக்கு நடங்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வரிகள் மாறி மாறி வரும் முகப்பு. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். நீங்கள் வலப்பக்கம் தரையைப் பாருங்கள். ஆள் உயரம் இருக்கும் ஒரு பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஊரைத் தாக்கியபோது சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, வெடிக்காமல் கிடந்த குண்டு. கப்பலில் வேலை பார்த்த எனக்கு அதன் குறுக்களவைப் பார்த்ததும் வயிறு கலங்கியது: 381 மில்லிமீட்டர். அடியில் பேராலயத்தின் காணிக்கை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. 1101-இல் செசரியாவிலிருந்து சிலுவைப் போர்க்காரர்கள் கொண்டுவந்தது. மரகதத்தில் குடைந்தது என்றும், இயேசு கடைசி விருந்தில் பயன்படுத்தியது என்றும் நூற்றாண்டுகளாக நம்பினார்கள். நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குப் போய் உடைந்து திரும்பியபோது, கண்ணாடி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒட்டிவைத்த அந்தக் கிண்ணத்தை இன்றும் அவர்கள் அதே மரியாதையோடு காத்துவருகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அங்கிருந்து கடல் பக்கம் இறங்கினால் பலாத்ஸோ சான் ஜோர்ஜோ. முகப்பு முழுவதும் வண்ண ஓவியம் தீட்டிய கட்டடம். 1260-இல் கட்டியது, இப்போது துறைமுக நிர்வாக அலுவலகம். சுற்றுலாப் பயணிகள் ஒரு படம் எடுத்துக்கொண்டு மீன் காட்சியகத்துக்கு ஓடிவிடுகிறார்கள். தமிழர்களாகிய நாம் அங்கே ஓடக் கூடாது. வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த கடற்போர்களில் மார்க்கோ போலோ கைதியானார். அவரை வைத்திருந்த இடம் இந்தக் கட்டடம் என்பது ஊர் வழக்கு. சிறையில் உடனிருந்த பீசா நகரத்து ரஸ்திக்கெல்லோவிடம் 1298-இல் தம் பயணக் கதையைச் சொல்ல, அவர் எழுதினார். அந்தக் கதையில் பாண்டிய நாடு வருகிறது. மாபார் என்று சொல்கிறார். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பது வருகிறது. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறை வருகிறது: ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்பதும், ஊர் மக்கள் எந்நேரமும் தாம்பூலம் மெல்வதும். அந்த ஊரின் குதிரைக் கப்பல்களும் வெற்றிலைச் சிவப்பும் ஐரோப்பாவின் ஏட்டில் ஏறியது ஜெனோவாவின் சிறை ஒன்றில்தான். எதிரே உள்ள கல் பெஞ்சில் நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

இனி, ஏறும் விஷயம். இந்த ஊரில் பொதுப் போக்குவரத்து என்றால் பஸ்ஸும் மெட்ரோவும் மட்டும் இல்லை. லிஃப்டும் இழுவை ரயிலும் சேர்த்தி. பழனியில் நாம் விஞ்ச் என்கிறோமே, அதே வகை. லார்கோ தெல்லா ஸெக்காவிலிருந்து ரீகி வரை போகும் இழுவை ரயில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏற்றிவிடுகிறது. நடுவழி நிறுத்தங்களில் காய்கறிப் பையோடு ஏறி இறங்கும் பாட்டிமார்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு அது தெரு பஸ். உச்சியில் பழைய கோட்டை மதிலின் அருகே நின்றால் ஊர், துறைமுகம், கலங்கரை விளக்கம் எல்லாம் காலடியில் கிடக்கும். அந்த விளக்கத்தின் பெயர் லான்தெர்னா. 1543-இல் கட்டியது, 77 மீட்டர் உயரம், இன்றும் கப்பல்களுக்கு ஒளி காட்டுகிறது. இரவுக் காவலில் அந்த ஒளியை எத்தனையோ முறை கடலிலிருந்து பார்த்தவன் நான். மேலேயிருந்து முதன்முறையாகப் பார்த்தபோது பழகியவரை வேறு ஊரில் சந்தித்ததுபோல இருந்தது.

எனக்கு இன்னும் பிடித்தது கஸ்தெலெத்தோ லிஃப்ட். பியாத்ஸா போர்தெல்லோவில் மலையைக் குடைந்த நடைவழி ஒன்று இருக்கிறது. ஓடு பதித்த சுவர்களுக்கு நடுவே உள்ளே நடந்து, மரப் பெஞ்சு போட்ட பழைய கூண்டில் ஏறினால், ஒரு நிமிடத்துக்குள் மாடத்தில் இருப்பீர்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள். நீங்கள் நடந்த சந்துகள் இப்போது சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகளாக மாறிக் கிடக்கும். அந்தக் கூரைகளின் மேல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு தோட்டம், ஒரு கொடிப்பந்தல், இரண்டு நாற்காலி வைத்திருப்பார். கீழே வெயிலே படாத ஊர் தன் வெயிலை எங்கே வைத்திருந்தது என்பது அங்கேதான் தெரியும். பிரின்சிபே நிலையத்துக்கு அருகில் இன்னொரு லிஃப்ட்: முதலில் சுரங்கத்துக்குள் கிடைமட்டமாக ஓடி, பிறகு அதே கூண்டு செங்குத்தாக மேலே எழும்பும். என்னைப் போன்ற எஞ்சின்காரர்களுக்கு அதுவே ஒரு கோயில் திருவிழா. கட்டண முறை அவ்வப்போது மாறுகிறது. பஸ் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடிய கதவுகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவற்றில் சில உங்களுக்குத் திறக்கும். குடியரசின் காலத்தில் ஜெனோவாவுக்கு அரண்மனை போன்ற விருந்தினர் மாளிகை கிடையாது. மன்னரோ கர்தினாலோ தூதரோ வந்தால் செல்வந்தர் வீட்டில்தான் தங்க வேண்டும். 1576-இல் செனட் இதை முறைப்படுத்தி, எந்தெந்த மாளிகை எந்தத் தரத்து விருந்தினருக்கு ஏற்றது என்று பட்டியல் போட்டது. பட்டியலுக்குப் பெயர் ரொல்லி. விருந்தினர் வருகிறார் என்றால் சீட்டுக் குலுக்குவார்கள். எந்த வீட்டின் பெயர் வருகிறதோ அந்த வீட்டுக்காரர் தங்க வைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட மாளிகைகளில் 42-ஐ யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வியா கரிபால்தி என்ற சிறு தெருவில் அவற்றில் பல வரிசையாக நிற்கின்றன. ஓவியர் ரூபென்ஸ் இந்த ஊர் மாளிகைகளின் வரைபடங்களைத் திரட்டி 1622-இல் நூலாக வெளியிட்டார் என்றால் அவற்றின் புகழை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தெருவில் அருங்காட்சியகமாக இருக்கும் மூன்று மாளிகைகளையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பலாத்ஸோ ரோஸ்ஸோ ஒன்று போதும். வான் டைக் வரைந்த அந்த வீட்டுக்காரர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, கூரை மாடத்துக்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் பக்கத்தில் பலாத்ஸோ துர்ஸி. ஜெனோவாவில் 1782-இல் பிறந்த பகனீனி வாசித்த வயலின் அங்கே இருக்கிறது. 1743-இல் குவார்னேரி செய்தது. அதன் ஓசையின் வலிமைக்காகப் பகனீனி அதைப் பீரங்கி என்று அழைத்தார். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்கள் ‘ரொல்லி தினங்கள்’ என்று தனியார் மாளிகைகளையும் திறந்துவிடுவார்கள். உங்கள் பயணம் அதையொட்டி அமைந்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் தள்ளி வையுங்கள்.

கணவரின் சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். இத்தாலியிலேயே சைவருக்கு இணக்கமான சமையல்களில் இது ஒன்று. பெஸ்தோ இந்த ஊரின் சொத்து. நம் திருநீற்றுப்பச்சிலையும் அவர்கள் பசீலிக்கோ என்பதும் தாவரவியலில் ஒரே இனம்; ஆனால் ஊரின் மேற்கே ப்ராவில் வளர்ப்பதை இளசாகவே பறித்துவிடுகிறார்கள், அதனால் காரமில்லாத மென்மணம். அந்த இலையும், பூண்டும், பைன் கொட்டையும், கல் உப்பும் பளிங்கு உரலில் மரக் குழவியால் நசுங்கும். அரைப்பதில்லை, சுழற்றி நசுக்குவதுதான். பிறகு இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய். அடுப்பில் வைத்துச் சுட வைத்தால் உள்ளூர்க்காரருக்குக் கோபம் வரும். நீளப் பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஒரே பானையில் வெந்து வரும். அதன் மேல் இந்தப் பச்சை. கட்டாயம் அதைக் கேட்டு வாங்குங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் முறுக்கிய சிறு துண்டுகளான த்ரோஃபியே எடுக்கலாம்; பட்டுக் கைக்குட்டை என்று பொருள்படும் மந்தில்லியில் முட்டை உண்டு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பார்மிஜானோ போன்ற கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். அந்த அளவுக்குக் கடுமையான சைவர் என்றால் பெஸ்தோவும் ஆகாது.

அப்போது ஃபரினாத்தா இருக்கிறது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். ஒரு குடும்பமே சுற்றி உட்காரக்கூடிய அகலச் செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் தள்ளுவார்கள். மேலே மொறுமொறு, உள்ளே இளக்கம். மிளகைத் தூவிக்கொண்டு சூடாக உண்ண வேண்டும். ஷமாத்தா என்று அழைக்கும் பழைய அடுப்புக் கடைகளில் கிடைக்கும். அந்தச் சொல்லுக்குத் தீக்கொழுந்து என்று பொருள். நம் வீட்டு அடைக்குத் தூரத்துச் சொந்தம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது. கடற்கரை ஓரத்தில் சொத்தோரிப்பா என்ற பழைய வளைவு நடைவழியில் மீன் பொரிக்கும் வாடை பலமாக இருக்கும்; கணவர் வேறு வழியாக வரலாம். ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே’ என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். எங்கேயும் சொல்லிவிட்டு உட்காருங்கள். பகல் இரண்டரை மணிக்குப் பெரும்பாலான சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழரைக்குத்தான் மீண்டும் திறக்கும். இனிப்பு வேண்டுமென்றால் 1780-இல் தொடங்கிய ரொமனெங்கோ; சோத்ஸீலியாவில் உள்ள அதன் பழைய கடையில் சர்க்கரைப் பாகில் ஊறிய முழுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள்.

பழைய துறைமுகப் பகுதியை 1992 கண்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ மாற்றி அமைத்தார், ஜெனோவாவிலேயே பிறந்தவர். 2018 ஆகஸ்ட் 14-இல் மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்த பிறகு, அங்கே இன்று நிற்கும் புதிய பாலத்தை வடிவமைத்துத் தன் ஊருக்குக் கொடையாகக் கொடுத்தவரும் அவர்தான். மீன் காட்சியகத்தை விட்டுவிடலாம். வரிசையில் நிற்பதிலேயே மூட்டு போய்விடும். அதற்குப் பதிலாகக் கலாத்தா கடல் அருங்காட்சியகம். துடுப்புப் போர்க்கப்பல் ஒன்றை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைகள் கப்பலின் அடித்தட்டில் படுத்துக் கிடந்த இடத்தையும் காட்டுகிறார்கள்.

ஒரு மாலை பொக்காதாஸ்ஸே. பஸ்ஸில் போய்விடலாம். கூழாங்கல் கரையில் இழுத்துப் போட்ட படகுகள், சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு உட்காருவது தவிர அங்கே வேலை எதுவும் இல்லை. அதற்காகத்தான் போக வேண்டும்.

ஒரு காலை முழுவதும் ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். விடுமுறையில் கல்லறைக்கா என்று கேட்காதீர்கள். 1851-இல் திறந்தது, நீண்ட மண்டப நடைவழிகள், பெரும்பாலும் சமதளம், உட்கார இடம் உண்டு. வணிகர்கள் தங்கள் இறப்பைப் பளிங்கில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: கதவருகே நிற்கும் விதவை, கட்டிலில் கிடக்கும் தகப்பன், மேல்சட்டைப் பொத்தான் உட்பட. அந்தச் செல்வர்களுக்கு நடுவே கத்தரீனா கம்போதோனிக்கோ நிற்கிறாள். திருவிழாக்களிலும் சந்தைகளிலும் கொட்டைச் சரமும் வளைய ரொட்டியும் விற்றுப் பிழைத்தவள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, தான் உயிரோடு இருக்கும்போதே 1881-இல் ஒரேங்கோ என்ற சிற்பியிடம் தன் சிலையைச் செய்துகொண்டாள். விசேஷ நாளுக்கு உடுத்தும் பூவேலைப் பாவாடை, ஓரத்தில் பின்னல் தொங்கும் மேலாடை. கிட்டே போய்க் கைகளைப் பாருங்கள்: உழைத்துத் தடித்த விரல்கள், அவற்றில் மாலை மாலையாகக் கொட்டைச் சரம், ஒவ்வொரு கொட்டையும் தனித்தனியாக. மடிப்புகளில் ஆண்டுக்கணக்கான தூசி படிந்து, பளிங்கு நிஜத் துணிபோலக் கறுத்திருக்கிறது. வெயிலிலும் மழையிலும் கொட்டை விற்றேன், என் நினைவு நிலைக்க வேண்டும், கடந்து போகிறவர்களே எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் உள்ளூர் மொழியில் ஒரு பாட்டும் அடியில் வெட்டியிருக்கிறது. என் மனைவி கையிலிருந்த பூவை அவள் காலடியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே பூக்கள் இருந்தன.

ஐந்தாம் நாள் ரோமுக்கு ரயில் ஏறும்போது கடலோரம் போகும் வண்டியாகப் பார்த்து, வலப்பக்க ஜன்னலில் இடம் எடுங்கள். சுரங்கம் மாற்றிச் சுரங்கம் வரும். இரண்டு சுரங்கத்துக்கு நடுவே சில நொடி கடல், ஒரு ஊர், மறுபடி இருட்டு. அப்படி வந்துபோகும் ஊர்களில் ஐந்து, சிங்க்வே தெர்ரே.